நான்கடி மீன்தொட்டியின் கண்ணாடியில் ஓவர்ஃப்ளோ துளை: உடையாமல் போடுவது எப்படி?

நொய்யல்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் நான்கடி நீளமும், ஒன்றரை அடி அகலமும், ஒன்றரை அடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி இருக்கிறது. கண்ணாடி 8 மி.மீ. தடிமன். சென்னைக் கொளத்தூரில் செய்யப்பட்டது என்று சொல்லி, ஏற்கெனவே அதைப் பயன்படுத்தி வந்த ஒருவர் கோவையில் எனக்கு விற்றார். மேலே நடுவில் ஒரு குறுக்குக் கண்ணாடி ஒட்டப்பட்டிருக்கிறது. ஏஞ்சல் மீன்களும் சில கோரிடோராஸ் கெளுத்திகளும் வளர்க்கிறேன்.

தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீர் இறங்கிச் சேர்ந்து, மோட்டாரால் மீண்டும் மேலே ஏற்றப்படும் தொட்டி) வைத்திருக்கிறேன். தண்ணீர் இப்போது தொட்டியின் விளிம்பில் தொங்கும் சைஃபன் பெட்டி வழியாகக் கீழே இறங்குகிறது. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது சைஃபன் குழாயில் காற்று புகுந்து ஓட்டம் நின்றுவிடுகிறது. ஆனால் மோட்டார் மட்டும் சம்ப்பிலுள்ள தண்ணீரை மேலே ஏற்றிக்கொண்டே இருப்பதால் தொட்டி நிரம்பித் தரையெல்லாம் வெள்ளமாகிவிடுகிறது. இந்தக் கவலையோடு வெளியூர் போக முடியவில்லை. ஆகவே பின்பக்கக் கண்ணாடியில் துளை போட்டு, நிலையான ஓவர்ஃப்ளோ (மிகுதித் தண்ணீர் தானாகக் கீழே வழியும் வழி) அமைக்க விரும்புகிறேன்.

எனக்கு உள்ள ஐயங்கள் இவை: துளையை எந்த இடத்தில், எந்த அளவில் போட வேண்டும்? வீட்டில் சுவரில் துளை போடுவதற்காக வாங்கிய இம்பாக்ட் டிரில் போதுமா? தொட்டியைப் பாதியளவு காலி செய்து, நின்ற நிலையிலேயே துளை போடலாமா, அல்லது மீன்களை மாற்றிவிட்டு முழுவதும் காலி செய்துதான் ஆக வேண்டுமா? செய்து பழகியவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெளுத்தி எழுதியது:

வணக்கம். இடம், அளவு, டிரில் ஆகியவற்றுக்கு மற்ற நண்பர்கள் பதில் சொல்வார்கள். அவற்றுக்கெல்லாம் முன்பாக, துளை போடப்போவது எந்த வகைக் கண்ணாடி என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். அது தெரியாமல் பிட் வாங்கக்கூடச் செல்ல வேண்டாம்.

கடைகளில் டஃபன்ட் என்று சொல்லும் கண்ணாடியை, அளவுக்கு வெட்டி விளிம்பு தீட்டிய பிறகு, 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. உட்பகுதி பிறகு மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்பை நெருக்குகிறது. இதனால் வெளிப்புறம் எப்போதும் அமுக்கத்திலும், உட்புறம் எப்போதும் இழுவிசையிலும் இருக்கின்றன. அந்தக் கண்ணாடியின் வலிமை முழுவதும் இந்தச் சமநிலையில்தான் இருக்கிறது. பிட் வெளி அடுக்கைத் தாண்டி இழுவிசையில் இருக்கும் பகுதியைத் தொட்டவுடன், துளை போடும் இடத்தில் மட்டுமல்லாமல் கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் சிறு சிறு கட்டிகளாகச் சிதறிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. டஃபன்ட் கண்ணாடியில் வேண்டிய துளைகளை எல்லாம் சூட்டடுப்புக்கு அனுப்பும் முன்பே போட்டுவிடுவதற்குக் காரணம் இதுவே.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒட்டிச் செய்யும் தொட்டிகள் பெரும்பாலும் சாதாரண ஃப்ளோட் கண்ணாடியில்தான் செய்யப்படுகின்றன. பிளாஸ்டிக் சட்டமிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் தொட்டிகள் பலவற்றில், பக்கங்கள் சாதாரணக் கண்ணாடியாகவும் அடிப்பலகை மட்டும் டஃபன்டாகவும் இருக்கும். உங்களுடையது கொளத்தூர்த் தொட்டி என்று விற்றவர் சொன்னதை மட்டும் நம்பிவிட வேண்டாம். உடைந்த ஒரு பலகையை யாரேனும் இடையில் மாற்றியிருக்கலாம். மூலையில் ஐ.எஸ். 2553 என்ற முத்திரை தெரிந்தால் அது பாதுகாப்புக் கண்ணாடி. அதில் துளை போடும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். முத்திரை இல்லை என்பதால் மட்டும் சாதாரணக் கண்ணாடி என்று முடிவு செய்துவிடவும் கூடாது. சிலிக்கானுக்கு அடியில் அது மறைந்திருக்கலாம்.

வீட்டிலேயே செய்யக்கூடிய நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. எல்.சி.டி. திரையுள்ள மடிக்கணினியும், வெயிலுக்கு அணியும் போலராய்ட் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். கணினியில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியைத் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுவிடும். இருளவே இல்லையென்றால் அது போலராய்ட் கண்ணாடி இல்லை என்று பொருள். இருண்ட அந்தக் கோணத்தை மாற்றாமல், திரைக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே தொட்டியின் பலகை வருமாறு கணினியைத் தொட்டிக்குப் பின்னால் வையுங்கள். இந்தச் சோதனையின்போது பார்வைக் கோட்டில் ஒரே ஒரு பலகைதான் இருக்க வேண்டும். ஆகையால் காலித் தொட்டிக்குள் கணினியை வைத்து வெளியிலிருந்து பார்ப்பதே எளிது. சாதாரணக் கண்ணாடியாக இருந்தால் திரை இருண்டபடியே இருக்கும். டஃபன்டாக இருந்தால் இருளுக்கு நடுவே வெளிறிய பட்டைகளோ புள்ளிகளோ தெரியும். அவை குளிர்காற்று பீய்ச்சப்பட்ட தடங்கள். பலகையின் நடுவை மட்டும் பார்க்காமல் மூலைகள்வரை நகர்த்திப் பாருங்கள்.

அயிரை எழுதியது:

கெளுத்தி சொன்ன சோதனையில் பின்பக்கக் கண்ணாடி சாதாரணக் கண்ணாடி என்று தெரிந்த பிறகு மட்டும் இதைப் படியுங்கள்.

முதலில் இடம். துளையின் விளிம்புக்கும் கண்ணாடியின் விளிம்புக்கும் இடையே குறைந்தது ஒரு துளை விட்டத்தின் அளவாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது மீன் வளர்ப்போர் பொதுவாகப் பின்பற்றும் விதி. 45 மி.மீ. துளை என்றால், அதன் மையம் மேல் விளிம்பிலிருந்து 70 மி.மீட்டருக்குக் குறையாமல் கீழே வரும். பக்கவாட்டில் மூலையிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். இழுவிசையில் இருக்கும் தகடு ஒன்றில் வட்டத் துளை போட்டால், துளையின் ஓரத்தில் விசை மூன்று மடங்குவரை உயரும் என்று 1898ஆம் ஆண்டிலேயே கிர்ஷ் என்ற ஜெர்மானியப் பொறியாளர் கணக்கிட்டுக் காட்டினார். தண்ணீர் நிரம்பிய தொட்டியில் பலகை அதிகமாகப் பிதுங்குவது நீளத்தின் நடுப்பகுதியில். அங்கே துளை போட்டு, ஏற்கெனவே சுமை மிகுந்த இடத்தில் மேலும் சுமையேற்ற வேண்டாம்.

அடுத்தது அளவு. டேங்க் நிப்பிளை (துளையில் மாட்டிக் குழாயை இணைக்கும் மரையுள்ள துண்டு) முதலில் வாங்குங்கள், அதன் பிறகு பிட் வாங்குங்கள். ஒரு இஞ்ச் நிப்பிள் என்று எழுதியிருப்பது உள்ளே நுழையும் குழாயின் அளவைத்தான் குறிக்கிறது. வெளியே உள்ள மரை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் மாறும். வெர்னியர் கொண்டு மரையின் வெளிவிட்டத்தை அளந்து, அதைவிட 2 அல்லது 3 மி.மீ. பெரிய பிட்டைத் தேர்ந்தெடுங்கள். மரை கண்ணாடியை எங்கும் உரசக்கூடாது. அதே நேரத்தில் நிப்பிளின் தலையும் ரப்பர் வாஷரும் துளையைச் சுற்றிலும் தாராளமாக அமர வேண்டும்.

பிட் என்று நான் சொல்வது, நடுவில் கூர்முனை இல்லாத, வைரத் துகள் பூசிய வளைய வடிவக் கோர் பிட். கான்கிரீட் பிட்டும் மரத்துக்கான ஹோல் சாவும் இதற்கு உதவா. வைரம் கண்ணாடியை வெட்டுவதில்லை, அரைத்துத் தேய்க்கிறது. அரைப்பதற்கு நேரம் தேவை. அழுத்தினால் வேலை விரைவாக முடியாது, கண்ணாடி விரியும்.

உங்கள் இம்பாக்ட் டிரில் வேகத்தைக் குறைக்கும் வசதி உள்ளதாக இருந்தால், இம்பாக்ட் பொத்தானைக் கண்டிப்பாக நிறுத்திவிட்டுப் பயன்படுத்தலாம். அது தப்பித் தவறி ஒரு நொடி இயங்கினால்கூடக் கண்ணாடி போய்விடும். ஆனாலும் பேட்டரியில் இயங்கும் டிரில்லைத்தான் நான் பரிந்துரைப்பேன். அதன் முதல் கியரில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 400 அல்லது 500 சுற்றுக்கு மேல் போகாது, 45 மி.மீ. பிட்டுக்கு அந்த வேகமே பொருத்தமானது. தண்ணீரோடு செய்யும் வேலையில் 230 வோல்ட் கம்பி கையருகே இல்லாமல் இருப்பது இன்னொரு பெரிய நன்மை. மின்கம்பியுள்ள டிரில்தான் இருக்கிறது என்றால், ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பொருத்திய இணைப்பில் மட்டும் செருகுங்கள்.

பாதித் தண்ணீரோடு, நின்ற நிலையில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். தண்ணீரின் அழுத்தம் பலகையின் மேல் இருந்துகொண்டே இருக்கும், கண்ணாடித் தூள் மீன் வாழும் நீரிலேயே விழும், பிட்டுக்குத் தேவையான தண்ணீரும் வழிந்தோடிவிடும். உங்கள் தொட்டியின் கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 42 கிலோ எடை வரும். இருவர் சேர்ந்து தூக்கி, தரையில் தெர்மாகோல் விரித்து, முன்பக்கம் கீழாகப் படுக்க வையுங்கள். இப்போது பின்பக்கம் மேசைபோலக் கிடையாக மேலே இருக்கும்.

துளை வரவேண்டிய இடத்துக்கு நேர் கீழே, கண்ணாடியின் உட்புறத்தில், மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். வெட்டுப்படும் வில்லை கீழே விழுந்து முன்கண்ணாடியைச் சிதைக்காமல் இருக்க, அந்த இடத்துக்குக் கீழே பழைய துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். மேல்புறத்தில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் ஒரு சாண் அகலத்துக்கு வட்டமாக வரப்புக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றுங்கள். கண்ணாடி சீரற்ற வெப்பத்தைத் தாங்காத பொருள். சாதாரணக் கண்ணாடியில் ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் சுமார் 40 பாகை வெப்ப வேறுபாடு வந்தாலே விரிசல் விழக்கூடும். தண்ணீர் குளிர்விப்பதோடு தூளையும் அடக்குகிறது. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாது. முகக்கவசமும் கண்ணுக்குக் காப்பும் அணியாமல் தொடங்காதீர்கள்.

தொடங்கும்போது பிட்டைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து, பிறை வடிவில் ஒரு கீறல் விழும்வரை மிக மெதுவாக ஓட்டுங்கள். கீறல் பதிந்ததும், பிட் சுழன்றுகொண்டிருக்கும்போதே, சிறிது சிறிதாக நிமிர்த்துங்கள். முழு வட்டம் விழுந்துவிட்டால் அதன் பிறகு பிட் வழுக்காது. டிரில்லின் எடையைத் தவிர வேறு எதையும் கண்ணாடி மேல் ஏற்றாதீர்கள். சில நொடிகளுக்கு ஒருமுறை பிட்டை இலேசாக உயர்த்தினால் பள்ளத்துக்குள் புதுத் தண்ணீர் புகும். வரப்புக்குள் இருக்கும் தண்ணீர் முதலில் பால்போல வெளுக்கும். அது தயிர்போலக் கெட்டியானால் நிறுத்தி, வழித்தெடுத்துவிட்டு, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். காதையும் கொடுத்துக் கேளுங்கள்: சீராக அரைபடும் ஒலி கீச்சென்று மாறினால் பிட்டின் அடியில் தண்ணீர் இல்லை. 8 மி.மீ. தடிமனுக்குப் பத்து நிமிடம் ஆனாலும் அவசரப்படாதீர்கள். முடிவை நெருங்கும்போது ஒலி சற்று ஆழமாகி, வரப்பில் நீர்மட்டம் இறங்கத் தொடங்கும். அங்கிருந்து கையின் எடையைக்கூடத் தாங்கிப் பிடித்து, டிரில்லை நேராக வைத்து ஓட்டுங்கள். பெரும்பாலான கண்ணாடிகள் உடைவது அந்தக் கடைசி அரை நிமிடத்தில், பிட் சாய்ந்து ஓரத்தை நெம்பும்போதுதான்.

வைகை கிளாஸ் எழுதியது:

மதுரையில் கண்ணாடிக் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். அயிரை சொன்ன முறை சரியானது. ஆனால் சாய்த்துத் தொடங்குவது கை பழகியவருக்குத்தான் ஒத்துவரும். முதன்முறை செய்பவருக்கு வேறொரு வழி சொல்கிறேன். 12 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றில், அதே கோர் பிட் இறுக்கமின்றி நுழையும் அளவுக்குத் தச்சரிடம் துளை போட்டு வாங்கி, அதைக் கண்ணாடி மேல் இருபுறம் ஒட்டும் நுரை டேப்பால் ஒட்டிக்கொள்ளுங்கள். பிட் நேராக நிற்கும், வழுக்காது. கீறல் சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம் இறங்கிய பிறகு பிளைவுட்டை எடுத்துவிட்டு, வரப்புக் கட்டி, தொடர்ந்து துளையுங்கள். வேலை முடியும்வரை பிளைவுட் மேலேயே இருந்தால் தண்ணீர் பிட்டின் நுனிக்குச் சரியாகப் போய்ச் சேராது.

எங்கள் பட்டறையில் கண்ணாடியை ஒருபுறமிருந்து பாதி ஆழம் துளைத்து, மறுபுறமிருந்து மீதியைத் துளைப்போம். அப்படிச் செய்தால் எந்தப் பக்கத்திலும் சில்லுப் பெயராது. ஒட்டிய தொட்டிக்குள் டிரில்லை நுழைத்து அவ்வாறு செய்வது கடினம் என்பதால், உட்புறத்தில் ஓரளவு சில்லுப் பெயரத்தான் செய்யும். தொட்டியை இனிமேல்தான் செய்யப் போகிறோம் என்பவர்கள், ஒட்டுவதற்கு முன்பே கண்ணாடிக் கடையில் துளை போட்டுக்கொண்டால் இந்தச் சிரமம் எதுவும் இல்லை.

இந்தத் தொட்டிக்கு முன்னால் ஒத்திகை ஒன்று அவசியம். எந்தக் கண்ணாடிக் கடையிலும் 8 மி.மீ. வெட்டுத்துண்டு கேட்டால் கொடுப்பார்கள். அதே பிட், அதே டிரில், அதே களிமண் வரப்பு வைத்து அதில் துளைத்துப் பாருங்கள். நான் மேலே எழுதிய எதையும்விட அந்தத் துண்டு உங்கள் கைக்கு அதிகம் கற்றுக்கொடுக்கும். சாதாரண மின்பூச்சு வைரப் பிட் நீண்ட நாள் உழைக்கக்கூடியது இல்லை. ஆகவே ஒத்திகைக்கு ஒன்றிரண்டு துளையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அடிப்பலகையில் துளை போட்டு, மூலையில் தடுப்புக் கண்ணாடி ஒட்டி அதற்குள் குழாயை நிறுத்தும் அமைப்பைச் சிலர் விரும்புவார்கள். தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம், குழாய் எதுவும் வெளியே தெரியாது. அழகு என்று பார்த்தால் அதுவே மேல். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே வாஷர் கசிந்தால் தடுப்புக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் இறங்கிவிடும். தடுப்பின் சிலிக்கானும் விட்டுப்போனால் உங்கள் தொட்டியின் 250 லிட்டரும் தரைக்கு வந்துவிடும். பின்பக்கத்தில் மேலே உள்ள துளை கசிந்தால், துளையின் கீழ்விளிம்போடு நின்றுவிடும், மீன்களும் பிழைக்கும்.

நொய்யல்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மடிக்கணினிச் சோதனை செய்து பார்த்தேன். பின்பக்கம் மூலைக்கு மூலை ஒரே சீராக இருண்டிருக்கிறது, பட்டையோ புள்ளியோ எதுவும் இல்லை. நான் வாங்கிய டேங்க் நிப்பிளின் மரை 42 மி.மீ., தலையின் விட்டம் 62 மி.மீ. இருக்கிறது. 45 மி.மீ. பிட் வாங்கலாம் என்று நினைக்கிறேன். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. சில்லுப் பெயர்ந்தால் அந்தத் துளையை நம்பலாமா? நிப்பிளை மாட்டும்போது வாஷரோடு சிலிக்கானும் பூச வேண்டுமா?

அயிரை எழுதியது:

45 மி.மீ. சரியான அளவு. தலை 62 மி.மீ. என்பதால் சுற்றிலும் 8 மி.மீட்டருக்கு மேல் வாஷர் அமர இடம் கிடைக்கிறது.

சில்லுக்கும் விரிசலுக்கும் வேறுபாடு உண்டு. துளையின் ஓரத்தில் சிப்பி வடிவில் மேலோட்டமாகப் பெயர்ந்திருப்பது சில்லு. அது வாஷரின் பரப்புக்குள் அடங்கி, வாஷரின் வெளி ஓரத்தில் சுற்றிலும் வழவழப்பான கண்ணாடி எஞ்சியிருந்தால் கவலையில்லை. துளையிலிருந்து முடிபோன்ற மெல்லிய கோடு ஒன்று வெளியே ஓடினால் அது விரிசல். நகத்தால் வருடினால் தட்டுப்படாத அளவுக்கு நுண்ணியதாக இருக்கலாம்; எனவே டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள், கோடு பளிச்சென்று மின்னும். அப்படி ஒன்று இருந்தால் சிலிக்கான் பூசி மறைத்துத் தண்ணீர் ஊற்றக்கூடாது. அந்தப் பலகையை மாற்றித்தான் ஆக வேண்டும்.

துளை நல்லபடியாக வந்துவிட்டால், வாட்டர் பேப்பரை நனைத்து, 220ஆம் எண்ணில் தொடங்கி 400ஆம் எண்வரை, இருபுற ஓரங்களையும் இலேசாகத் தேய்த்துக் கூர்மையை மழுக்குங்கள். கையையும் காக்கும், விரிசல் தொடங்குவதற்கான நுண்பிளவுகளையும் குறைக்கும். பிறகு தூளை ஈரத்துணியால் மட்டும் துடைத்தெடுங்கள், உலர்ந்த பின் பெருக்க வேண்டாம்.

நிப்பிளின் தலையும் ரப்பர் வாஷரும் தொட்டியின் உட்புறத்தில் இருக்க வேண்டும், நட் வெளிப்புறத்தில். வாஷரில் சிலிக்கான் பூச வேண்டாம். ஈரமான சிலிக்கான் மேல் ரப்பர் வழுக்கி ஒருபக்கமாகப் பிதுங்கிவிடும்; பின்னாளில் நிப்பிளைக் கழற்றும்போதும் தொல்லை தரும். நட்டைக் கையால் முடிந்தவரை திருகி, அதற்கு மேல் கால் சுற்று மட்டும் இறுக்குங்கள். பைப் ரென்ச் போட்டு இறுக்கினால், பத்திரமாகப் போட்ட துளையில் அப்போது விரிசல் விழும். வெளியே வரும் குழாயின் எடையையும் நிப்பிள் தாங்கக்கூடாது. ஸ்டாண்டில் கிளாம்ப் போட்டுக் குழாயைத் தாங்கவையுங்கள்.

கெளுத்தி எழுதியது:

ஒன்றைச் சேர்க்கிறேன். துளை போட்டு முடித்ததும் ஓவர்ஃப்ளோவின் மட்டத்தையும் ரிட்டர்ன் குழாயின் (சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே கொண்டுவரும் குழாயின்) வாயையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். உங்கள் தொட்டியின் பரப்புக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் நீர்மட்டமும் ஏறத்தாழ ஐந்தரை லிட்டர். மின்சாரம் நிற்கும்போது தண்ணீர் மூன்று சென்டிமீட்டர் இறங்கினால் சம்ப்பில் 17 லிட்டருக்குக் காலியிடம் இருக்க வேண்டும். ரிட்டர்ன் குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால், அந்த ஆழம்வரை தண்ணீர் பின்னோக்கி இறங்கும். ஆகவே வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வைத்து, நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் சிறிய காற்றுத்துளை ஒன்றும் போடுங்கள். அதில் பாசி அடைக்காமல் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீன்களை விடும் முன் தொட்டியை வெளியே, சமமான இடத்தில், தெர்மாகோல் மேல் வைத்து நிரப்பி ஒரு நாள் முழுவதும் விட்டுவையுங்கள். நட்டைச் சுற்றி உலர்ந்த டிஷ்யூ தாளைச் சுற்றி வைத்தால் சொட்டாகாத கசிவுகூடத் தெரிந்துவிடும். அதன் பிறகு ஸ்டாண்டில் ஏற்றி, மோட்டாரை ஓட்டி, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்து, சம்ப்பின் மட்டம் எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். அங்கிருந்து விளிம்புவரை மிஞ்சும் இடத்தைப் பொறுத்து, மோட்டார் ஓடும்போது சம்ப்பில் இருக்க வேண்டிய அதிகபட்ச மட்டத்தை மார்க்கர் பேனாவால் கோடிட்டுவிடுங்கள். ஆவியான தண்ணீரை ஈடுசெய்ய ஊற்றும்போது வீட்டில் யார் ஊற்றினாலும் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது.